பெக்கிக்கு என்ன கிடைத்தது? – பழைய விடுதிப்பள்ளி நாவல் ஒன்றைப் படிவம் நான்கில் வாசித்த அனுபவம்



தமிழ் இலக்கிய வகுப்பில் எதற்கு ஓர் ஆங்கில நாவல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடநூல் நாவலுக்குக் கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப்படைப்பு என எல்லாவற்றுக்கும் மாதிரி விடை கடையிலேயே கிடைக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மாதிரி விடையே இல்லாத ஒரு கதையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அப்படி எடுத்ததுதான் ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதிய சாரா குரூவின் கதை. நான்கு ஆண்டுகளாக, இறுதித் தேர்வு முடிந்து பள்ளி கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நாள்களில், மூன்று பாடவேளையை இதற்கு ஒதுக்குகிறேன். முதல் ஆண்டு தப்பாகச் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் கதை. சாராவுக்கு ஏழு வயது. தாய் இல்லை. தந்தை இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் கேப்டன். இந்திய வெயில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவளை லண்டனுக்குக் கூட்டிவந்து, மிஸ் மின்சின் என்ற அம்மையார் நடத்தும் விடுதிப்பள்ளியில் விடுகிறார். பணக்காரப் பிள்ளை என்பதால் தனி அறை, தனிப் பணிப்பெண், பட்டு உடை, பெரிய பொம்மை, எல்லாம் உண்டு. பதினோராவது பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது செய்தி வருகிறது. வைரச் சுரங்கத்தில் போட்ட பணம் போய்விட்டது, அந்த அதிர்ச்சியிலும் காய்ச்சலிலும் தந்தையும் போய்விட்டார். அன்று மாலையே மிஸ் மின்சின் சாராவை மேல்மாடத்து அறைக்குத் தள்ளி வேலைக்காரியாக்குகிறார். குளிர், பசி, திட்டு. சாரா மட்டும், தான் ஓர் இளவரசி என்று மனதுக்குள் பாவித்துக்கொண்டு, யாரிடமும் தரம் தாழாமல் நடக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நோயாளிப் பணக்காரர்தான் தந்தையின் பங்காளி என்று தெரியவருகிறது. சுரங்கமும் போகவில்லை. சொத்து திரும்ப வருகிறது.

இந்த மாதிரிக் கதைக்கு விக்டோரியா ராணி காலத்தில் ஒரு மரபே இருந்தது. 1847இல் வந்த 'ஜேன் ஐர்' நாவலில் விடுதிப்பள்ளிப் பகுதி ஒன்று உண்டு, அங்கே கதாநாயகியின் தோழி இறந்துபோவாள். 1857இல் தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுன்' வந்தது. அடுத்த ஆண்டே ஃபாரர் என்ற பள்ளி ஆசிரியர் 'எரிக்' என்று ஒரு நாவல் எழுதினார். நல்ல பையன் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போய்ச் செத்துப்போகும் கதை. படிப்பவர் அழ வேண்டும், அழுது திருந்த வேண்டும் என்றே எழுதினார்கள். இன்று அதைப் படித்தால் நமக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தொண்டை அடைக்கும், இன்னொரு பக்கம் 'போதும்பா' என்றும் தோன்றும். 'எரிக்'கை இன்று யாரும் விரும்பி எடுப்பதில்லை. சாரா மட்டும் பிழைத்துக்கொண்டாள். 1985இல் ஜப்பானில் தொலைக்காட்சி அனிமேஷன் தொடராகவும் வந்தாள்.

என் முதல் ஆண்டுத் தவறு இதுதான். நான் சாராவின் பக்கம் நின்றே கதை சொன்னேன். எனக்கு அது இயல்பாக வந்தது. பன்னிரண்டு வயதில், தோட்டத்து வீட்டில், மின்சாரம் போன ஓர் இரவில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு இதன் சுருக்கப் பதிப்பைப் படித்து அழுதவள் நான். பல நாள் நானும் சாராதான். தண்ணீர்க் குடம் தூக்கினாலும் இளவரசி மாதிரி நிமிர்ந்து நடப்பேன், அம்மா 'என்னாடி நடை இது' என்பார். அதே உணர்ச்சியோடு வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளும் உருகினார்கள். ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடம் வெற்றி என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அந்த இன்னொரு பொண்ணு? பெக்கி? அவளுக்குக் கடைசில என்னா கெடைச்சிச்சி?"

அதிகம் பேசாத பெண். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு தங்கும் விடுதிக்குப் போய் அறை சுத்தம் செய்வாள் என்று எனக்குத் தெரியும். "அவளும் சாராவோடவே போயிடுறாம்மா, நல்லா இருப்பா" என்றேன். "படிக்கப் போறாளா டீச்சர்?" என்றாள். நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பெக்கியைப் படிக்க வைப்பது பற்றி அங்கே எதுவும் இல்லை. அவள் இனி சாராவுக்குப் பணிப்பெண். மிஸ் மின்சினின் வேலைக்காரி சாராவின் வேலைக்காரி ஆகிறாள். நல்ல சாப்பாடு, சூடான அறை, அன்பான எஜமானி, எல்லாம் உண்மை. ஆனால் வேலை அதே வேலை.

மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்குக் கை கொடுத்தது, டிப்ளோமா படிப்பில் வேண்டா வெறுப்பாகப் படித்த மெய்ப்பாட்டியல். அழுகை பிறப்பதற்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்கள் சொல்கிறார் அல்லவா? இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. அசைவு என்பதற்குப் பேராசிரியர் சொல்லும் விளக்கம் மிக நுட்பமானது: முன்பு இருந்த நிலை கெட்டு, வேறு ஒன்றாகி வருந்துவது. வறுமை நமக்குத் தெரிந்ததே.

இப்போது சாராவைப் பாருங்கள். நான்கும் அவளிடம் இருக்கின்றன. மிஸ் மின்சினின் வசை இளிவு, தந்தையின் சாவு இழவு, பட்டிலிருந்து கந்தைக்கு வந்தது அசைவு, பசி வறுமை. ஆசிரியை ஒரு கணக்குப் போட்டது மாதிரி நான்கையும் ஒரே பிள்ளை தலையில் வைத்திருக்கிறார். நமக்கு அழுகை வராமல் எப்படி இருக்கும்? பெக்கிக்கு இளிவு உண்டு, வறுமை உண்டு. அவள் எதை இழந்தாள் என்று கதை சொல்லவே இல்லை. அசைவு இல்லவே இல்லை, ஏனென்றால் அவளுக்குக் கெடுவதற்கு முன்பு ஒரு நிலை இருந்ததில்லை. அவளுக்குப் பதினான்கு வயது, பார்த்தால் பன்னிரண்டு மாதிரி இருப்பாள் என்கிறது நாவல். சாரா இரண்டு ஆண்டு பட்ட பாட்டை அவள் பிறந்ததிலிருந்து படுகிறாள். ஆனால் நம் கண்ணீர் முழுவதும் சாராவுக்குப் போய்விடுகிறது.

'வெள்ளைக்காரன் கதை அப்படித்தான்' என்று கை கழுவிவிடாதீர்கள். நம்மிடமும் இது உண்டு. தோட்டங்களில் விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் போட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மயான காண்டம் வந்ததும் பெண்கள் வாய்விட்டு அழுவார்களாம். ராஜா சுடுகாடு காக்கிறானே என்று அழுகை. அவனை விலைக்கு வாங்கிய வெட்டியான் வாழ்நாள் முழுவதும் அங்கேதான் நிற்கிறான். அவனுக்காக ஒருத்தரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. இந்த ஒப்பீட்டை வகுப்பில் வைத்தபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், மூன்று பாடவேளையில் அந்த ஒரு நிமிடம்தான் பாடம்.

அடுத்துச் சொல்லப்போவதைத் தேடிப் படித்தபோதுதான் நானே அறிந்துகொண்டேன். நாம் இன்று படிக்கும் நாவல் 1905இல் வந்தது. ஆனால் சாராவின் கதையைப் பர்னெட் முதலில் எழுதியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1887–88இல், ஒரு சிறுவர் இதழில். 1888இல் அது சின்னப் புத்தகமாகவும் வந்தது. அசல் விக்டோரியா காலக் கதை அதுதான். அதில் சாரா இருக்கிறாள், மிஸ் மின்சின் இருக்கிறார், மேல்மாடம் இருக்கிறது, பசி இருக்கிறது. பெக்கி இல்லை! பிறகு பர்னெட் அதை நாடகமாக்கினார். 1902இல் லண்டனிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் மேடையேறியது. அதன் பிறகு கதையை முழு நாவலாக விரித்து எழுதும்போது ஒரு முன்னுரை சேர்த்தார். ஒவ்வொரு கதையின் வரிகளுக்கு நடுவிலும் இன்னொரு கதை இருக்கிறது, அதை எல்லாரும் பார்ப்பதில்லை என்கிற கருத்தில் அது தொடங்குகிறது. அந்தப் பள்ளியில் பட்டினி கிடந்த ஒரு சின்ன வேலைக்காரப் பெண்ணும் இருந்தாள், முதலில் அது தனக்கே தெரியவில்லை என்று விளையாட்டாகச் சொல்கிறார்.

பல ஆண்டுகள்! எழுதியவருக்கே அந்தப் பெண் கண்ணில் பட அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது நல்ல செய்தி என்று நினைக்கிறேன். முதல் வாசிப்பில் பெக்கியைப் பார்க்காமல் விட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

பர்னெட்டைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அவரும் விழுந்து எழுந்தவர்தான். 1849இல் மான்செஸ்டரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். குடும்ப வியாபாரம் நொடித்து 1865இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இருபது வயதுக்குள் பத்திரிகைக்குக் கதை எழுதிக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். ஐந்தாம் அத்தியாயத்தில், சாராவின் நாற்காலியில் பெக்கி களைத்துத் தூங்கிவிடுகிறாள். விழித்து நடுங்கும் அவளிடம் சாரா சொல்வது மிக நேர்மையானது: நீயும் நானும் சிறு பெண்கள்தான், நான் நீயாகவும் நீ நானாகவும் பிறக்காதது தற்செயல் என்கிறாள். 1905இல் ஒரு சிறுவர் நாவலில் இதை எழுத மனசு வேண்டும். அந்த எண்ணத்தைக் கடைசி அத்தியாயம் வரை கொண்டுபோகத்தான் அவரால் முடியவில்லை. 1995இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த திரைப்படத்தில் கதை நியூயார்க்குக்கு மாறுகிறது. அங்கே பெக்கி கறுப்பினப் பெண், கடைசியில் சாராவோடு சகோதரியாகவே போய்விடுகிறாள். இயக்குநருக்கும் அந்த முடிவு உறுத்தியிருக்கிறது பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் தானா ராத்தாவில் இதைச் சொல்லிக்கொடுப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. சாரா ஏன் தந்தையைப் பிரிந்தாள்? வெயில். அந்தக் காலத்து ஆங்கிலக் குடும்பங்களில் இது வழக்கம். ரட்யார்ட் கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்தில் யாரோ வீட்டில் விடப்பட்டவர். அந்தத் துயரத்தை அவர் கதையாக எழுதியதும் அதே 1888தான். பிள்ளையைக் கப்பலேற்ற மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது, மலை. நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் பள்ளிகள் வந்தன. மலாயாவில் அந்த இடம் நம் கேமரன் மலை. சிங்கப்பூரில் 1925இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்ற அம்மையார், 1934இல் இங்கே ஒரு விடுதிப்பள்ளி திறந்தார். தோட்டத் துரைகள், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து படித்தார்கள். போருக்குப் பிறகு, 1950களில், பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காகத் தானா ராத்தாவிலேயே சிலிம் பள்ளி நடந்தது. ஃபீல்ட் மார்ஷல் வில்லியம் சிலிமின் பெயரை வைத்தார்கள். ஆக, நம் பனியும் குளிரும் சாரா மாதிரிப் பிள்ளைகளுக்காகவே தேடி வரப்பட்டவை.

அதே மலையில், அதே காலத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஏழு வயது. சாரா விடுதியில் சேர்ந்த வயது! பதினான்கு, பெக்கி கரிக்கூடை தூக்கிய வயது. நான் இந்த இரண்டு எண்களையும் வெண்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். பிள்ளைகளே சேர்த்துக்கொண்டார்கள்.

'ஆயா' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். சாராவை இந்தியாவில் வளர்த்தது ஓர் ஆயா. அவளுக்கு நாவலில் பெயர்கூடக் கிடையாது. ஆனால் சாராவுக்கு இந்துஸ்தானி பேச வந்தது அவளால்தான் இருக்க வேண்டும். பிறகு பக்கத்து வீட்டு வேலையாள் ராம் தாஸிடம் அந்த மொழியில் பேசுகிறாள், அதிலிருந்துதான் அவளுடைய நல்ல காலமே ஆரம்பிக்கிறது. யோசித்தால் பெயரில்லாத அந்த ஆயாதான் கதையையே திருப்புகிறாள். நம் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை' இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். துரை பங்களாவில் ஓர் ஆயா ஒரு பிள்ளையைப் பார்த்தாள். கொட்டகையில் ஓர் ஆயா ஒரு கூட்டத்தையே பார்த்தாள்.

எங்கள் பாட்டியும் பங்களாவில் வேலை செய்தவர். சமையல்கட்டு. துரைசாணியின் பிள்ளைக்கு முட்டை எத்தனை நிமிடம் வேகவேண்டும் என்று கடைசி வரை ஞாபகம் வைத்திருந்தார். நான் சாராவுக்காக அழுத அந்த இரவில் பாட்டி பக்கத்தில்தான் படுத்திருந்தார். கதையில் அவர் யார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தப் பெண் கேட்ட பிறகுதான் தோன்றியது. அப்போது பாட்டி இல்லை.

இப்போது வகுப்பில் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முழு நாவலும் வேண்டாம். பத்தொன்பது அத்தியாயம், ஆங்கிலமும் பழையது, பிள்ளைகள் திணறுவார்கள். நான்கு இடங்களை மட்டும் நானே தமிழில் சுருக்கிக் கொடுக்கிறேன்: ஐந்தாம் அத்தியாயம் (நாற்காலியில் பெக்கி), ஏழாம் அத்தியாயம் (பிறந்தநாள் விருந்தில் சாவுச் செய்தி), பதின்மூன்றாம் அத்தியாயம், பதினெட்டாம் அத்தியாயம் (ராம் தாஸ் பெக்கியிடம் வந்து, இனி நீ சாராவின் பணிப்பெண் என்று சொல்லும் இடம்). பதின்மூன்றாவது, பன் வாங்கும் காட்சி. பசியில் இருக்கும் சாரா தெருவில் நாலு பென்னிக் காசு ஒன்றைக் கண்டெடுத்து நாலு பன் கேட்கிறாள், கடைக்கார அம்மா இரங்கி ஆறு கொடுக்கிறார், வாசலில் தன்னைவிடப் பசித்திருக்கும் பிச்சைக்காரப் பிள்ளைக்கு ஐந்தைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறாள். இதைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். பிள்ளைகள் கண்ணீரை நாமே கேலி செய்தால் அடுத்த கதைக்கு மனதைத் திறக்கமாட்டார்கள். முதல் பாடவேளையில் நான் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. அழுகிறவர்கள் அழட்டும்.

இரண்டாவது பாடவேளையில் நான்கு காரணங்களைச் சொல்லி, சாராவுக்கு ஒரு பட்டியல், பெக்கிக்கு ஒரு பட்டியல் போடச் சொல்கிறேன். அரிச்சந்திரனும் அப்போதுதான் வருகிறான். மூன்றாவதில் 1888 கதையில் பெக்கி இல்லை என்ற செய்தியைச் சொல்லிவிட்டு, இன்னும் யார் யார் வரிகளுக்கு நடுவில் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். ஆயா முதலில் வருவாள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது வைரச் சுரங்கத்தைப் பிடிப்பார்கள். சாராவின் சொத்து முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது, ஆனால் அங்கே மண் தோண்டிய ஓர் ஆளைக்கூட நாவலில் நாம் பார்ப்பதில்லை. போன வருடம் ஒரு பையன், "டீச்சர், தேத்தண்ணி பொட்டி மேல கொழுந்து பறிக்கறவங்க படமாவது இருக்கும்" என்றான். சிரித்துவிட்டோம். அவன் சொன்னதைப் பற்றியே மீதி நேரம் பேசினோம்.

கட்டுரைப் பயிற்சிக்கு: ஓராண்டு கழித்துப் பெக்கி எழுதும் கடிதம். பெக்கிக்கு எழுதத் தெரியுமா என்று கேட்பார்கள், கேட்கட்டும். சாராவே சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று சிலர் எழுதுகிறார்கள், நன்றி மறக்காத கடிதங்கள், அழகானவை. சிலர் அவளை ரொட்டிக்கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள், சம்பளம் பேசி. ஒரு மாணவி, பெக்கி சாராவிடம் கோபப்படுகிற மாதிரி எழுதியிருந்தாள். அவ்வளவு நல்லவளிடம் எப்படிக் கோபப்படுவது என்று பெக்கியே குழம்புகிறாள். எந்த மாதிரி விடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. மதிப்பெண் போட எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

முதல் ஆண்டு கேள்வி கேட்ட பெண் இப்போது ஈப்போவில் படிக்கிறாள். விடுமுறையில் பிரிஞ்சாங் சந்தையில் பார்த்தேன். அந்தக் கடிதப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். "எங்க செட்டுக்கு அது குடுக்கலியே டீச்சர்" என்றாள்.

1888 கதை, 1905 நாவல் இரண்டுமே காப்புரிமை தீர்ந்தவை. குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், முன்னுரையை மறக்காமல். நான்கு அத்தியாயங்களின் தமிழ்ச் சுருக்கம் வேண்டுபவர்கள் சங்கத்துக்கு எழுதினால் அனுப்பிவைக்கிறேன். எட்டுப் பக்கம். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், இரவில் உட்கார்ந்து தட்டியது.